வியர்வை பெல்ட் தொப்பையைக் கரைக்குமா? உண்மை விளக்கம்

புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் காலை நடை போவோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: “தொப்பைக் கொழுப்பு எல்லாருக்கும் ஒன்றுதான், வியர்வை பெல்ட் கட்டினால் கரையும்.” இரண்டுமே தவறு.

வயிற்றில் கைக்குப் பிடிபடுவது தோலடிக் கொழுப்பு. ஒரு மெல்லிய சவ்வு அதை இரண்டு அடுக்காகப் பிரிக்கிறது. மேலடுக்கில் கொழுப்புத் துணுக்குகள் சிறியவை, நெருக்கமானவை. கீழடுக்கில் பெரியவை, தளர்வானவை. தொப்புளுக்குக் கீழேதான் அந்தச் சவ்வு தெளிவாக இருக்கும். தசைச் சுவருக்கும் உள்ளே, குடலைச் சுற்றிச் சேர்வது வேறு; அது உள்கொழுப்பு, கைக்குப் பிடிபடாது. அதன் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. சர்க்கரை நோய், இதய நோய் ஆபத்து இதில்தான் அதிகம். ஆண்களுக்கு இது கூடுதல். பெண்களுக்குத் தோலடியில், இடுப்பிலும் தொடையிலும் அதிகம் சேரும். மாதவிடாய் நின்றபின் அவர்களுக்கும் உள்கொழுப்பு ஏறும். ‘கைக்குச் சதை பிடிபடவில்லை, வயிறு கெட்டியாகத்தானே இருக்கிறது’ என்று நிம்மதியாக இருக்கும் ஆண்கள்தான் முதலில் வயிற்றுச் சுற்றளவை அளந்து பார்க்க வேண்டும்.

பெல்ட் வெளியேற்றுவது வெறும் நீர். தண்ணீர் குடித்ததும் எடை திரும்பிவிடும்.

தையல் டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இறுக்காமல் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக விட்டபின் அளவைப் பாருங்கள். வயிற்றை எக்கினால் கணக்கு பொய்யாகும். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள்.