கேரவன் விமானம் ஓட்டிய அனுபவம் வீணா?
புது பைலட்கள் சின்ன சரக்கு விமானத்தில் சேர்ந்தால் அங்கேயே தேங்கிவிடுவார்கள், பெரிய ஏர்லைனுக்குப் போக ரீஜனல் (குறுந்தூர) பயணிகள் ஜெட் ஒன்றுதான் வழி என்று இந்தக் கட்டுரையில் இருப்பது பாதிதான் சரி. அமெரிக்காவில் ஃபெடெக்ஸுக்காகச் சிற்றூர்களுக்குப் பார்சல் கொண்டுபோகும் செஸ்னா கேரவன் என்ற சின்ன விமானத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பைலட்தான். மழையோ பனியோ நள்ளிரவோ, முடிவெடுப்பவர் அவர்தான். பறக்கும் நேரம் முழுக்கக் கேப்டன் கணக்கில் ஏறும். ஜெட்டில் வலது இருக்கையில் துணை பைலட்டாக இருப்பவருக்கு இது கிடைக்காது. என் அண்ணன் மகன் இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினான். அவன் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். கேரவனுக்கு ஒற்றை எஞ்சின். ஏர்லைனுக்குத் தேவையான ஏடிபி என்ற உயர்நிலை பைலட் உரிமத்துக்கு மொத்தம் 1,500 மணி நேரம் மட்டும் போதாது, பல எஞ்சின் விமானத்தில் 50 மணி நேரமும் வேண்டும். அதைக் கைக்காசு போட்டு, வாடகை விமானத்தில் சேர்த்தான். இதைக் கட்டுரையாளர் சொல்லவே இல்லை. மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் 250 மணி நேரத்தில் லைசென்ஸ் வாங்கியதும் சரக்கு விமானத்தில் கேப்டன் ஆகிவிடலாம் என்கிறார். மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பார்சல் விமானம் ஓட்டும் கேப்டனுக்கு 1,200 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்ஏஏ-வின் விதி. அதுவரை பலருக்கும் பயிற்சியாளர் வேலைதான் கதி. அப்புறம், ஏர்லைனில் இரண்டு பைலட்கள் சேர்ந்து ஓட்டும் காக்பிட்டுக்குப் பழகுவதும் லேசில்லை. தனியாகவே எல்லாம் செய்து பழகியவன், பக்கத்தில் ஒருவர் இருப்பதையே மறந்துவிடுவான். சிமுலேட்டர் பயிற்சியில் முதல் வாரம் அண்ணன் மகன் வாங்கிய திட்டெல்லாம் அதற்குத்தான்.