மெஷின் திறமையானால் பிட்காயினின் கரண்ட் செலவு குறையுமா?

கிரிப்டோவின் மின்சாரச் செலவைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் உடனே ஒரு பதில் வந்து விழுகிறது: "டெக்னாலஜி வளர வளர மெஷின்கள் கரண்ட்டைக் குறைவாகத்தான் எடுக்கும், கவலைப்படாதீர்கள்." விவரம் தெரிந்தவர்களே இப்படிச் சொல்லும்போது ஆற்றாமையாக இருக்கிறது. பிட்காயின் விஷயத்தில் இது நடக்கவே நடக்காது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பிட்காயின் எடுக்க ஓடும் மெஷின் உள்ளே என்னதான் செய்கிறது? இந்த வேலைக்கு மைனிங் என்று பெயர், செய்பவர்கள் மைனர்கள். புதிய பரிவர்த்தனைகளை ஒரு பிளாக்காகக் கட்டி, அதோடு ஏதோ ஒரு எண்ணைச் சேர்த்து, எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்குக்குள் அனுப்புகிறது. வரும் விடை நெட்வொர்க் வைத்திருக்கும் வரம்புக்குள் இருக்க வேண்டும். இருந்தால் அந்த பிளாக் ஏற்கப்பட்டு, மைனருக்குப் பரிசாகப் புதிய பிட்காயின் கிடைக்கும். இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த எண். அதுவும் சரிவரவில்லையா, அதற்கடுத்தது. முழுக்க முழுக்க ஊகம்தான். இந்த ஒரே கணக்குக்கென்று செய்யப்பட்ட சிப்கள் கொண்ட இப்போதைய ஏசிக் மெஷின்களில் ஒன்றே நொடிக்கு நூறு லட்சம் கோடி தடவைக்கு மேல் இப்படி முயன்று பார்க்கிறது. மூவாயிரம் வாட் இழுக்கும் மெஷின் என்றால் ஒரு நாளைக்கு 72 யூனிட். அந்த முயற்சிகளில் கிட்டத்தட்ட எல்லாமே குப்பைக்குத்தான் போகின்றன. மழையைக் கணிக்கவோ மருந்து கண்டுபிடிக்கவோ அந்த விடைகள் உதவாது.

சரி, மெஷின் இரண்டு மடங்கு திறமையாகிவிட்டால்? அதே கரண்ட்டில் இரண்டு மடங்கு ஊகம். பிளாக்குகள் சீக்கிரம் கிடைக்க ஆரம்பிக்கும். ஆனால் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்பது பிட்காயினின் விதி. அதனால் 2016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நெட்வொர்க் வரம்பைத் தானாகவே இறுக்கிக்கொள்ளும். பழையபடி பத்து நிமிடம். பரிசும் அதேதான்: ஏப்ரல் 2024 முதல் பிளாக்குக்கு 3.125 பிட்காயின். லாட்டரியில் பரிசுத் தொகை அப்படியே இருக்க, எல்லோரும் இரண்டு மடங்கு சீட்டு வாங்கிய கதைதான். எவ்வளவு கரண்ட் எரிவது என்பதைக் கடைசியில் பிட்காயினின் விலைதான் முடிவு செய்கிறது. விலை ஏறினால் இன்னும் கொஞ்சம் எரித்தாலும் கட்டுப்படியாகும், எரிப்பார்கள்.

இதனாலேயே "ஒரு பரிவர்த்தனைக்கு இத்தனை யூனிட்" என்று பரவும் கணக்கிலும் எனக்கு உடன்பாடில்லை. பிளாக் காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் மெஷின் எடுக்கும் கரண்ட் ஒன்றுதான். எதிர்ப்பவர்களும் சரியான கணக்கோடு எதிர்க்க வேண்டும்.

மொத்தம் எவ்வளவு? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் 2025 மதிப்பீடு, ஆண்டுக்கு சுமார் 138 டெராவாட் மணி. நமக்குப் பழகிய கணக்கில் 13,800 கோடி யூனிட். இதில் பாதிக்குச் சற்று மேல் புதுப்பிக்கத்தக்க மின்சாரமும் அணுமின்சாரமும் என்கிறது அதே ஆய்வு. இருக்கட்டும். அந்த மின்சாரம் வேறு யாருக்கும் தேவைப்படவில்லையா என்பதுதான் என் கேள்வி. 2021ல் சீனா மைனிங்கைத் தடை செய்ததும் ஏராளமான மெஷின்கள் கஜகஸ்தானுக்குப் போயின. அந்தக் குளிர்காலத்திலேயே அங்கே மின்பற்றாக்குறை. 2022 ஜனவரியில் மைனர்களின் இணைப்பைத் துண்டித்தார்கள். ஈரானும் 2021 கோடையில் மின்வெட்டு தாங்காமல் நான்கு மாதங்களுக்கு மைனிங்கை நிறுத்தச் சொன்னது.

"தேவை கூடும் நேரத்தில் மெஷின்களை அணைத்து நாங்கள் கிரிட்டுக்கு (பொது மின்கட்டமைப்புக்கு) உதவுகிறோம்" என்பது அமெரிக்க மைனர்களின் வாதம். 2023 ஆகஸ்ட் வெயிலில் டெக்சஸில் ரயட் நிறுவனம் அப்படித்தான் மின்நுகர்வைக் குறைத்தது. அதற்காக அதற்குக் கிடைத்த மின்சார வரவு 3.17 கோடி டாலர். அந்த மாதம் எடுத்த பிட்காயின்களின் மதிப்பைவிட இது அதிகம்! தானே உண்டாக்கிய சுமையைத் தானே இறக்கி வைப்பதற்குக் கூலி வாங்குவதை உதவி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"கரண்ட் எரிவதுதான் பாதுகாப்பு, வேறு வழியில்லை" என்பவர்களுக்கு இன்னொரு கிரிப்டோவான எத்தீரியம் பதில் சொல்லிவிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று அது மைனிங்கை அடியோடு விட்டது. இப்போது தங்கள் எத்தீரியத்தை ஈடாகப் பூட்டி வைத்தவர்கள்தான் பிளாக்குகளைச் சரிபார்க்கிறார்கள்; ஏமாற்றினால் அந்த ஈட்டை இழப்பார்கள். மின்நுகர்வு 99.9 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அந்த முறையிலும் குறைகள் உண்டு, நிறையப் பணம் வைத்திருப்பவருக்குச் செல்வாக்கு அதிகம். ஆனால் மைனிங்கிலும் பெரிய முதலீட்டுக்காரர்தானே ஜெயிக்கிறார்?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இன்னொரு இடத்தில். 2024 பிப்ரவரியில் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம், மைனர்கள் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு தொடங்கியது. அவசரகால அனுமதியைக் காட்டித் தொடங்கியது தவறு என்று மைனிங் தரப்பு நீதிமன்றம் போனது. மார்ச் தொடக்கத்திலேயே கணக்கெடுப்பைக் கைவிட்டு, அதுவரை வந்த தகவலையும் அழித்துவிட அரசு ஒப்புக்கொண்டது. நடைமுறையில் பிழை இருந்திருக்கலாம். ஆனால் பொது கிரிட்டிலிருந்து இவ்வளவு மின்சாரம் எடுப்பவர்களின் மீட்டர் கணக்கு மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும். எந்த நாடாக இருந்தாலும், மாதாமாதம் எத்தனை யூனிட், எந்த மின்நிலையத்திலிருந்து என்று வெளியிடச் சம்மதிக்காத மைனிங் கூடத்துக்கு இணைப்பே தரக் கூடாது.