பழி தீர்ந்த பிறகு தொடங்கும் ஒரு படம்

சென்ற வாரம் மழை விடாமல் பெய்த ஓர் இரவில், மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவிலுள்ள எங்கள் வீட்டில், அப்பாவுடன் உட்கார்ந்து 'ப்ளூ ரூயின்' என்ற அமெரிக்கப் படத்தை இரண்டாம் முறையாகப் பார்த்தேன். 2013ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவையொட்டி நடக்கும் இயக்குநர்கள் பிரிவில் திரையிடப்பட்டு, அனைத்துலகத் திரைப்பட விமர்சகர் கூட்டமைப்பின் பரிசைப் பெற்ற படம் அது. ஆயினும் இங்கே நான் விசாரித்தவர்களில் ஒருவர்கூட அதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

பெற்றோரைக் கொலைக்குப் பறிகொடுத்த டுவைட், கடற்கரையோரம் துருப்பிடித்த நீலநிறப் பொன்டியாக் காரில், தாடி மண்டிய முகத்தோடு, குப்பையில் கிடைப்பதைத் தின்று வாழ்கிறான். பெண் காவலர் ஒருவர் அவனை நிலையத்துக்கு அழைத்துச் சென்று, அந்தக் கொலைகளுக்காகச் சிறையில் இருந்தவன் விடுதலையாகப் போகிறான் என்பதைப் பரிவோடு தெரிவிக்கிறார். அதுவரை அசையாமல் கிடந்த அந்தக் கார் புறப்படுகிறது.

நாம் பார்த்து வளர்ந்த படங்களில் பழிவாங்கல் கடைசிக் காட்சியில் வரும். இதில் அது முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதுவும் எவ்வளவு அலங்கோலமாக! திருடிய துப்பாக்கியின் பூட்டை அவனால் திறக்க முடியவில்லை. துரத்தி வராதிருக்க எதிரிகளின் வண்டிச் சக்கரத்தைக் குத்தப்போய்த் தன் கையையே கிழித்துக்கொள்கிறான். பிறகுதான் தன் கார்ச் சாவியைத் தவறவிட்டது தெரிகிறது. அவன் விட்டுவந்த காரோ சகோதரியின் வீட்டு முகவரியில் பதிவாகியிருக்கிறது. இரண்டு பிள்ளைகளோடு அவள் குடியிருக்கும் அந்த வீட்டை நோக்கி இனி யார் வருவார்கள் என்பதை அவன் உணரும் கணத்தில் எனக்கு மூச்சு அடைத்தது. அதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன்.

பெற்றோர் கொல்லப்பட்ட காட்சியைப் படம் ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. அந்தக் காயம் முழுவதும் டுவைட்டாக நடித்த மேக்கன் ப்ளேரின் கண்களில் இருக்கிறது. தாடியை மழித்ததும் வெளிப்படும் முகம் வீரனுடையதாக இல்லாமல், வழிதவறி நிற்கும் ஒரு பிள்ளையின் முகமாக இருக்கிறது. ப்ளேர், இயக்குநர் ஜெரமி சோல்னியேவின் சிறுவயது நண்பர். சோல்னியே தாமே ஒளிப்பதிவும் செய்து, இணையத்தில் பொதுமக்களிடம் திரட்டிய நிதியையும் சேர்த்து எடுத்த படம் இது. தொடக்கத்தில் பேச்சு மிகக் குறைவு என்பதால், ஆங்கிலம் அதிகம் அறியாத என் அப்பாவும் எளிதாகப் பின்தொடர்ந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இவனக் கூப்பிட்டு ஒருவேளை சோறு போட ஆளே இல்லையா?"

அந்தக் கேள்வி என்னைப் பல ஆண்டுகள் பின்னே கொண்டுபோனது. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒருவர் பாராங் கத்தியால் வெட்டப்பட்டு இறந்தபோது, அவருடைய மகனுக்குப் பதினாறு வயது. பதினாறாம் நாள் காரியத்தில், வந்திருந்த ஆண்களில் பலர் அவன் தோளைத் தட்டி, "அப்பனுக்குப் பதில் சொல்லணும்டா" என்றார்கள். அவன் இரவில் தூங்குகிறானா, பள்ளிக்குப் போகிறானா என்று நான் உட்பட எவரும் கேட்கவில்லை. அவன் அக்காள் மட்டும் அவனை வெளியே விடாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். டுவைட்டின் சகோதரி அவனிடம் கோபப்படும் காட்சியில் எனக்கு அவள் நினைவுதான் வந்தது.

தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் மக்களின் வாழ்க்கையையும் குண்டர் கும்பல்களையும் காட்டிய சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' படத்தை (2015) மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படமும் அந்நியமாக இராது. வன்முறைக் காட்சிகள் கடுமையானவை என்பதால் சிறுவர்களை அருகில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். ஆனால் பதினெட்டைத் தாண்டிய தம்பியோ மகனோ வீட்டில் இருந்தால், கைப்பேசியை ஒதுக்கி வைக்கச் சொல்லி, அந்த ஒன்றரை மணி நேரமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.