ரூட்டரைப் பிட் சுழலும் போக்கிலேயே தள்ளலாமா? பரவும் குறிப்பு தவறானது

மரத்தின் விளிம்பைச் சீவும் மின்கருவி ரூட்டர்; அதில் சுழலும் வெட்டலகுதான் பிட். “கை ரூட்டரைப் பிட் சுழலும் போக்கிலேயே தள்ளினால் விளிம்பு வழவழப்பாக வரும், பருத்திக் கையுறை போட்டால் விரலுக்கு ஆபத்தில்லை” என்ற செய்தி பாம்பன், மண்டபம், தொண்டிப் பகுதித் தச்சர்களிடையே வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இரண்டுமே தவறு.

மேலிருந்து பார்க்கையில் பிட் கடிகார முள் போக்கில் சுழல்கிறது. எனவே, வள்ளத்துப் பலகையின் வெளிவிளிம்பு உங்கள் பக்கம் இருந்தால் ரூட்டரை இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும். அப்போது வெட்டுவிசை எதிர்த்துத் தள்ளுவதால் கருவி கைக்கு அடங்கி நிற்கும். பலகைக்கு நடுவே வெட்டிய திறப்பின் உள்விளிம்பிலோ கடிகாரப் போக்கில் சுற்றிச் செல்ல வேண்டும்; அங்கே அப்படிச் சென்றால்தான் வெட்டுவிசை எதிர்த்துத் தள்ளும். மாற்றித் தள்ளினால், நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேலும் சுழலக்கூடிய பிட் மரத்தைப் பற்றிக்கொண்டு, சக்கரம்போல் உருண்டு, கருவியைக் கையிலிருந்து இழுத்துச் சென்றுவிடும். நார் பிளக்காமலிருக்கக் கைதேர்ந்தவர்கள் மிக மெல்லிய சீவலுக்கு மட்டும் அப்படிச் செய்வதுண்டு. அதுவே பொது விதியாகத் திரிந்துவிட்டது.

கடற்கரை வெக்கையில் பிடி வியர்வையில் வழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கையுறையின் ஒரு நூல் பிட்டில் சிக்கினாலும் விரலையும் சேர்த்து இழுக்கும். கையைத் துடைத்துக்கொள்ளுங்கள், தோளில் கிடக்கும் துண்டையும் கழற்றி வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம்.

நகர்த்தும் திசையைக் கருவியுடன் வரும் கையேட்டில் சரிபார்க்கலாம். பல ரூட்டர்களில் சுழற்சித் திசைக்கான அம்புக்குறியும் உண்டு. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் பதிவிடுங்கள்.