ஐம்பதுக்கு மூன்று

(அருங்காட்சியகத்தில் ஒரு கூடம். வாசலில் 'புதிய வரவுகள்: அச்சோவியங்கள், கோட்டோவியங்கள், புகைப்படங்கள்' என்று பலகை. வெளியே நல்ல மழை, ஒருவர் உள்ளே வந்ததற்கு அதுதான் காரணம், கலை ஆர்வம் என்று தப்பாக நினைத்துவிட வேண்டாம். மூலையில் காவலர். வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு எல்லாம் மனப்பாடம், ஒப்பிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.)

வந்தவர்: என்னண்ணே, புதிய வரவு என்று பலகை வைத்துவிட்டு உள்ளே 1515 என்று போட்டிருக்கிறீர்களே?

காவலர்: படம் பிறந்தது 1515 சார். எங்களிடம் வந்தது இந்த வருஷம். பதிவேட்டில் அது இன்னும் கைக்குழந்தை.

வந்தவர்: சரி, இந்தக் காண்டாமிருகம் ஏன் இரும்புச் சட்டை போட்டிருக்கிறது? முதுகில் குட்டிக் கொம்பு வேறு.

காவலர்: ஆல்பிரெக்ட் டியூரர் என்கிற ஜெர்மன்காரர் வரைந்தது சார். குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியருக்குக் கொடுத்த மிருகம், கப்பலேறி லிஸ்பனில் போய் இறங்கியது. டியூரர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை, யாரோ எழுதிய விவரமும் ஒரு கிறுக்கல் படமும் கைக்கு வந்தது, அதை வைத்து அவர் வரைந்து, மரக்கட்டையில் செதுக்கவைத்து, மை தடவி அச்சடித்து விற்றதில், இருநூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவில் காண்டாமிருகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர்: எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வருவது போல.

காவலர்: இதில் அனுப்பியவர் பெயராவது இருக்கிறது சார்.

வந்தவர்: (அடுத்த படத்தின் ஓரத்தைக் குனிந்து பார்த்து) அடப்பாவமே! 3/50. ஐம்பதுக்கு மூன்று மார்க்கா? ஃபெயிலான படத்தைக் காசு கொடுத்தா வாங்கினீர்கள்?

காவலர்: அது மார்க் இல்லை சார். ஒரே தகட்டிலிருந்து ஐம்பது பிரதி எடுத்தார்கள், அதில் இது மூன்றாவது.

வந்தவர்: இதோ, இதில் மார்க்கே போடவில்லை. ஏ.பி. என்றிருக்கிறது. பரீட்சைக்கே வரவில்லையா?

காவலர்: அது ஓவியர் தனக்கென்று வைத்துக்கொண்ட பிரதி. ஐம்பது கணக்கில் சேராது.

வந்தவர்: அப்போ ஐம்பதில் எது அசல்?

காவலர்: ஐம்பதும்.

வந்தவர்: அண்ணே, விளையாடாதீர்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் இப்படிச் சொன்னால் போலீஸ் பிடிக்கும்.

காவலர்: ஜெராக்ஸுக்கு ஓர் அசல் இருக்கும் சார், இதற்கு இந்தக் காகிதங்களை விட்டால் வேறு அசலே கிடையாது. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். அந்தப் பள்ளத்தில் மை ஏற்றி, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். சொன்ன எண்ணிக்கை முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கிழித்துவிடுவதும் உண்டு, ஐம்பத்தொன்றாவது பிறக்காமல் இருக்க.

வந்தவர்: எல்லாம் சரி, எண்ணைப் பென்சிலில் எழுதியிருக்கிறார்களே, ஒரு ரப்பர் கிடைத்தால் பாவம், பாஸாவது போட்டுவிட்டுப் போவேன்.

காவலர்: கோட்டுக்கு இந்தப் பக்கம் வாங்க சார்.

வந்தவர்: (நகர்ந்து) இது யாருடைய சங்கு?

காவலர்: ரெம்பிராண்ட் என்கிற டச்சு ஓவியருடையது, 1650. கூம்புச் சங்கு. தகட்டில் வரைந்தால் அச்சில் இடம் வலமாகத் திரும்பிவிடும். மனிதர் சங்கைப் பார்த்தபடியே தகட்டில் வரைந்துவிட்டார், அச்சில் அதன் சுழி எதிர்ப்பக்கம் போய்விட்டது.

வந்தவர்: ஆனால் கையெழுத்து நேராகத்தானே இருக்கிறது?

காவலர்: அதை மட்டும் கவனமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார் சார்.

வந்தவர்: புரிகிறது, அவரும் நம்மைப் போலத்தான். (கோட்டோவியத்தின் முன் நின்று) இந்த அம்மாவுக்கு மூன்று கையா?

காவலர்: ஒரு கைதான், எங்கே வைப்பது என்று ஓவியர் மூன்று இடத்தில் பார்த்திருக்கிறார். அச்சோவியம் போல இதற்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, இது ஒன்றுதான்.

வந்தவர்: இந்தத் தெருப் புகைப்படத்தில் ஒரு ஈ காக்கையைக் காணோமே. ஊரடங்கா?

காவலர்: பழைய காலத்துப் புகைப்படம் சார். வெளிச்சம் பதியவே நிமிஷக் கணக்கில் ஆகும், நடந்து போகிறவன் எவனும் பதிய மாட்டான். 1838-இல் டாகெர் என்கிற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் ஒரு பெரிய தெருவை இப்படித்தான் எடுத்தார், தெரு நிறைய வண்டியும் ஜனமும் போயும் அத்தனையும் மாயம். ஒரே ஒருவர் மட்டும் ஓரமாக நின்று, ஒரு ஆளிடம் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார், அவர் விழுந்துவிட்டார். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர் அநேகமாக அவர்தான் என்கிறார்கள்.

வந்தவர்: அப்படியென்றால் அந்தக் கேமராவில் இந்தக் கூடத்தை எடுத்தால் நீங்கள் மட்டும்தான் விழுவீர்கள்.

காவலர்: (முதன்முறையாகச் சிரிக்கிறார்) சம்பளமே அதற்குத்தானே சார்.

வந்தவர்: ஆனால் ஒன்று, விளக்கைப் போடுங்கள் அண்ணே. மூக்கு படத்தில் இடிக்கிறது.

காவலர்: போட்டிருக்கிறது சார், இவ்வளவுதான். காகிதத்துக்குப் பொதுவாக 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான், அதற்கு மேல் விழுந்தால் நிறம் வெளுக்கும், காகிதம் பழுக்கும், போனது திரும்பாது. அதனால்தான் மூன்று மாதம் மாட்டிவிட்டு எடுத்துவிடுவோம். அப்புறம் சில வருஷம் இருட்டில், பெட்டிக்குள் ஓய்வு.

வந்தவர்: மூன்று மாதம் சும்மா தொங்கினால் வருஷக்கணக்கில் லீவா? அண்ணே, இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா?

காவலர்: எடுப்பார்கள். ஆனால் அந்தப் பெட்டியில் அமிலம் துளியும் இருக்கக் கூடாது. உங்களுக்கு நெஞ்செரிச்சல் ஏதும் உண்டா?

வந்தவர்: ராத்திரியில் கொஞ்சம் புளித்த ஏப்பம் வரும்.

காவலர்: அப்போ கிடைக்காது சார். மழை விட்டுவிட்டது பாருங்க.