மதிப்பெண்ணோடு நிறுத்திவிட்டீர்களே
பிளஸ் டூ முடிக்கும் தருமபுரி மாவட்டப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் மதிப்பெண்ணும் கல்லூரியும்தான் வருகின்றன; அவர்கள் வாழ்க்கை வரவில்லை. பாலக்கோடு பக்கம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் விடியற்காலையில் தக்காளி பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாள். விரலில் ஏறிய பச்சைக் கறை வேதியியல் நோட்டிலும் இருக்கும். அதிகம் பேசமாட்டாள். ஆனால் சாயங்காலம் கபடி ஆடும்போது அவள் குரல் தெருமுனை வரை கேட்கும்.

நர்சிங் படிக்க ஆசை. வீட்டிலோ கல்யாணப் பேச்சு. "6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள், காலேஜ் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், டவுன் பஸ்ஸும் இலவசம், படிக்க வையுங்கண்ணா" என்று அவள் அப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். சரி, யோசிக்கிறேன் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன்.