1829 சட்டம் யூதர்களுக்கானது அல்ல

1829 சட்டத்தால் பிரிட்டனில் கத்தோலிக்கரும் யூதரும் ஒரே நேரத்தில் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமரும் உரிமை பெற்றார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல. அந்தச் சட்டம் கத்தோலிக்கருக்கு மட்டுமானது. 1828இல் அயர்லாந்தின் கிளேர் தொகுதியில் கத்தோலிக்கரான டேனியல் ஓ'கானல் வென்ற பிறகு, அரசால் அந்தச் சட்டத்தைத் தள்ளிப்போட முடியவில்லை.

யூதர்களுக்குத் தடையாக இருந்தது வேறொன்று: 'கிறிஸ்தவனின் மெய்யான விசுவாசத்தின் பேரில்' என்று முடியும், உறுப்பினர்கள் இருக்கையில் அமரும் முன் சொல்ல வேண்டிய உறுதிமொழி. 1847இல் லண்டன் சிட்டி தொகுதியில் வென்ற யூதரான லயனல் டி ராத்ஸ்சைல்டு அதைச் சொல்ல மறுத்தார். மக்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தும், தடையை நீக்கும் மசோதாக்களை நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை தோற்கடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் 1858 ஜூலை 26 அன்றுதான் அவர் இருக்கையில் அமர்ந்தார். வென்று பதினோரு வருடம் வெளியே நின்றிருக்கிறார். அந்தக் காத்திருப்பை ஒரே வரியில் அழித்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரிபார்ப்பது எளிது. பிரிட்டன் அரசின் சட்டத் தளத்தில் 1829 சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் படியுங்கள், ரோமன் கத்தோலிக்கரை மட்டுமே அது குறிப்பிடுகிறது. அப்புறம், ஹன்சார்டு என்ற நாடாளுமன்றப் பதிவில் 1858 ஜூலை 26 என்ற தேதியைத் திறந்து பாருங்கள். இரண்டும் இணையத்தில் இலவசம்.